கடலூரில் எந்தப் பிரச்சினைக்கு எந்தப் போலீஸ்: முழுமையான வழிகாட்டி

நம் ஊரில் போலீஸ் என்றால் புதுநகர், முதுநகர், திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன்களும், மிஞ்சிப்போனால் மகளிர் காவல் நிலையமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதையும் தாண்டி சைபர் கிரைம், மாவட்டக் குற்றப்பிரிவு, மதுவிலக்கு, கடலோரப் பாதுகாப்புக் குழுமம், பொருளாதாரக் குற்றப்பிரிவு, லஞ்ச ஒழிப்பு, சிலைக் கடத்தல் தடுப்பு என்று பத்துப் பதினைந்து பிரிவுகள் தனித்தனி வேலையோடு இருக்கின்றன. இது தெரியாததால்தான் ஆன்லைனில் பணத்தைப் பறிகொடுத்தவர் உள்ளூர் ஸ்டேஷன் பெஞ்சில் அரை நாள் உட்கார்ந்திருக்கிறார், அந்த அரை நாளில் பணம் நாலு வங்கிக் கணக்கு தாண்டிப் போய்விடுகிறது. எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒரு அடிப்படை விஷயம். சென்னை, கோவை, மதுரை மாதிரி நமக்கு போலீஸ் கமிஷனர் கிடையாது. மாவட்டம் முழுக்க எஸ்.பி. பொறுப்பு, அவருக்கு மேலே விழுப்புரம் சரக டி.ஐ.ஜி., அதற்கு மேலே வடக்கு மண்டல ஐ.ஜி. மாவட்டக் குற்றப்பிரிவு, சைபர் கிரைம், மகளிர் காவல் நிலையங்கள், போக்குவரத்து, ஆயுதப்படை எல்லாம் எஸ்.பி.க்குக் கீழே வரும். சி.பி.சி.ஐ.டி., பொருளாதாரக் குற்றப்பிரிவு, கடலோரப் பாதுகாப்புக் குழுமம், குடிமைப்பொருள் குற்றப் புலனாய்வு, சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு போன்றவற்றுக்குச் சென்னையில் தனித் தலைமை உண்டு, மாவட்டத்தில் இருப்பது அவற்றின் கிளைதான். எங்கே மனு கொடுப்பது, பதில் வராவிட்டால் யாரிடம் போவது என்பதெல்லாம் இதை வைத்துத்தான்.

முதல் படி: அவசரமா, இல்லையா?

அடிதடி, விபத்து, வீடு புகுந்த ஆள், மிரட்டல் என்றால் பிரிவு எது என்று யோசிக்கவே வேண்டாம், 100 அல்லது 112. பெண்களுக்கு 181, குழந்தைகள் விஷயத்தில் 1098. பணம் ஆன்லைனில் போயிருந்தால் 1930. கடலில் பிரச்சினை என்றால் கடலோரப் போலீஸ் 1093, நடுக்கடலில் தத்தளிக்கிறார்கள் என்றால் இந்தியக் கடலோரக் காவல்படை 1554. இந்த எண்களை வீட்டில் எல்லாருடைய போனிலும் இன்றைக்கே சேமித்து வையுங்கள், ஆபத்து வந்த பிறகு தேடிக் கொண்டிருக்க முடியாது.

குழந்தை காணாமல் போனால் 24 மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்படி ஒரு சட்டமே இல்லை. காணாமல் போன குழந்தை பற்றிய புகாரை உடனே வழக்காகப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது.

இரண்டாம் படி: எங்கே நடந்தது?

மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு இல்லாத தலைவலி இது. கடலூரிலிருந்து பாண்டி ரோட்டில் ஆல்பேட்டை செக்போஸ்ட், ரெட்டிச்சாவடி தாண்டி முள்ளோடை வந்துவிட்டால் வேறு அரசாங்கம், வேறு டி.ஜி.பி., வேறு போலீஸ். கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், பாகூர் எல்லாம் புதுச்சேரி. இடையிடையே தமிழ்நாட்டு ஊரும் புதுச்சேரி ஊரும் பின்னிக் கிடப்பதால் ஒரே தெருவில் வசிப்பவர்களுக்கே எல்லை குழம்பும். ரெட்டிச்சாவடியில் குடியிருந்து பாண்டியில் வேலை பார்க்கும் ஒருவருடைய பைக் பாண்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் திருடு போனால் வழக்கு அந்தப் பக்கத்து உருளையன்பேட்டை ஸ்டேஷனுக்குத்தான் போகும், வீடு இருக்கும் ஊரை வைத்து அல்ல.

அதற்காக ‘இது எங்க லிமிட் இல்லை, அங்கே போங்க’ என்று திருப்பி அனுப்ப முடியுமா? முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 173-வது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம் என்கிறது. இதைத்தான் ஜீரோ எப்.ஐ.ஆர். என்கிறார்கள். அங்கே பதிந்து, உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்ப வேண்டும். நடைமுறையில் உரிய ஸ்டேஷனுக்கே நேராகப் போனால் வேலை சீக்கிரம் நடக்கும் என்பது வேறு விஷயம். ஆனால் அடிபட்டோ, ராத்திரி நேரத்திலோ, பெண் தனியாகவோ இருக்கும்போது எல்லை தாண்டி அலைய வேண்டிய அவசியம் இல்லை.

ரயிலில் நடந்தது ரயில்வே போலீஸுக்கு. அதிலும் இரண்டு உண்டு: பயணியின் நகை, பை, செல்போன் திருட்டு, தாக்குதல் எல்லாம் மாநில அரசின் இருப்புப்பாதைக் காவல் நிலையம், ரயில்வே சொத்துப் பாதுகாப்பு மத்திய அரசின் ஆர்.பி.எப். ஓடும் ரயிலிலேயே 139-க்குச் சொல்லலாம். நெய்வேலி என்.எல்.சி. வளாகத்துக்குள் நிற்கும் சி.ஐ.எஸ்.எப். காவலர்களிடம் போய் எப்.ஐ.ஆர். கேட்டுப் பயனில்லை, அவர்கள் வேலை நிறுவனத்தைப் பாதுகாப்பது, வழக்குப் பதிவது நம் லோக்கல் ஸ்டேஷன்.

மூன்றாம் படி: என்ன நடந்தது?

வீட்டில் திருட்டு என்றால் உள்ளூர் ஸ்டேஷன்தான் வழக்கை நடத்தும், சிறப்புப் பிரிவுகள் அதற்குத் துணைக்கு வரும். கைரேகைப் பிரிவும் மோப்ப நாய்ப் பிரிவும் வருவதற்குள் நாம் செய்யும் காரியம்தான் பெரும்பாலும் தடயத்தை அழிக்கிறது. ஊரில் இருந்து வந்து கதவு உடைந்திருப்பதைப் பார்த்ததும் அக்கம்பக்கத்தார் பத்துப் பேர் உள்ளே போய் பீரோவைத் திறந்து பார்ப்பார்கள், சிதறிக் கிடக்கும் துணியை அம்மா மடித்து வைத்துவிடுவார். அப்புறம் எதை எடுப்பது? கைரேகை நிபுணர் பார்ப்பது பீரோ கைப்பிடி, கண்ணாடி, பூட்டு, பித்தளைச் சாமான் போன்ற வழவழப்பான பரப்புகளை. பவுடரைப் பிரஷ்ஷால் மெல்லத் தடவினால் ரேகை எழும்பி வரும், அதைப் படமெடுத்து, டேப்பில் ஒட்டி எடுத்துக்கொள்வார். வீட்டுக்காரர்கள் கையையும் பதியச் சொன்னால் சந்தேகப்படுகிறார்கள் என்று கோபப்பட வேண்டாம், நம் ரேகையைக் கழித்துவிட்டு அந்நிய ரேகை எது என்று பார்ப்பதற்காகத்தான் அது. மிஞ்சும் ரேகையைப் பழைய குற்றவாளிகளின் ரேகைகளோடு கம்ப்யூட்டரில் ஒப்பிடுவார்கள், இப்போது நாடு முழுக்க உள்ள தொகுப்போடு ஒப்பிடும் வசதியும் இருப்பதால் வடமாநிலத்தில் பிடிபட்டவன் ரேகை நம் ஊர்த் திருட்டோடு பொருந்தவும் வாய்ப்பு உண்டு.

‘மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை’ என்ற வரியைப் பேப்பரில் படித்துப் படித்து நாய் வந்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்துவிட்டோம். நியாயமில்லை. நாய் நின்ற இடம் பெரும்பாலும் திருடன் வண்டி ஏறிய இடம். எந்தச் சந்து வழியாகப் போனான், எந்தக் கடையின் சிசிடிவியைப் பார்க்க வேண்டும் என்பது அங்கேதான் தெரிகிறது. ஆகவே நாய் வரும் வரை வீட்டுக்குள் யாரும் நடமாடாமல், திருடன் தொட்டிருக்கக்கூடிய பொருளைத் தொடாமல் இருங்கள், அது போதும். ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் நேரில் வந்து தடயம் சேகரிக்க வேண்டும் என்பது புதிய சட்டத்தில் இருக்கிறது, இதற்கான வசதிகளை மாநிலங்கள் படிப்படியாகக் கொண்டுவர அவகாசம் தந்திருக்கிறார்கள்.

செல்போன் தொலைந்தால் ஸ்டேஷனில் மனு கொடுத்து ரசீது வாங்கி, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் போட்டு முடக்கிவிடுங்கள். அந்த எண் போன் பெட்டியிலும் பில்லிலும் இருக்கும், *#06# அழுத்தினாலும் வரும். தொலைவதற்கு முன்பே எழுதி வைப்பது நல்லது.

இப்போது சைபர் கிரைம். அதிகம் பேர் சிக்குவது இதில்தான். பணம் போனதைக் கவனித்த நிமிடமே 1930. வங்கிக்குப் போவது, மானேஜரைப் பார்ப்பது, மருமகனிடம் யோசனை கேட்பது எல்லாம் அதற்குப் பிறகு. போன் செய்யும்போது கையில் இருக்க வேண்டியது உங்கள் கணக்கு எண், பணம் போன தேதி, நேரம், தொகை, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உள்ள எண். யு.பி.ஐ. என்றால் அந்த 12 இலக்க எண், வங்கி மெசேஜிலோ ஆப்பிலோ இருக்கும். புகார் பதிந்ததும் ஒப்புகை எண் வரும். அங்கே நடப்பது இதுதான்: பணம் போய்ச் சேர்ந்த கணக்குக்கு உடனே தகவல் போகும், அங்கிருந்து அது அடுத்த கணக்குக்குப் போயிருந்தால் அதற்கும், இப்படித் துரத்திக்கொண்டே போய் எந்த இடத்தில் பணம் இன்னும் எடுக்கப்படாமல் இருக்கிறதோ அங்கே முடக்குவார்கள். திருடர்கள் ஏ.டி.எம்.மில் எடுப்பதற்கு முன்னால் பிடித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதனால்தான் முதல் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு மதிப்பு. முடங்கிய பணத்தைத் திரும்பப் பெறப் பெரும்பாலும் நீதிமன்ற உத்தரவு வேண்டியிருக்கும், அதற்கு மாவட்ட சைபர் கிரைம் போலீஸில் ஸ்கிரீன்ஷாட், வங்கி ஸ்டேட்மென்ட், ஆதார் நகலோடு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து வையுங்கள். அரட்டை, மெசேஜ், அழைப்புப் பட்டியல் எதையும் அவமானமாக இருக்கிறது என்று அழித்துவிடாதீர்கள்.

வீடியோ காலில் போலீஸ் உடையில் வந்து ‘உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், ரூமை விட்டு வெளியே போகக் கூடாது’ என்பவன் திருடன். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இதை ஒரு முறைக்கு இரண்டு முறை சொல்லி வையுங்கள்.

சரி, நேரில் பார்த்த ஆளே ஏமாற்றினால்? வெளிநாட்டு வேலை, அரசு வேலை வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் வாங்கியது, போலிப் பத்திரம், கையெழுத்து மோசடி இவையெல்லாம் மாவட்டக் குற்றப்பிரிவு. நில அபகரிப்புக்கென்று 2011-ல் மாவட்டந்தோறும் தனிப்பிரிவு தொடங்கினார்கள். நிலம் பற்றிப் போனால் முதலில் வரும் பதில் ‘இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க’ என்பதுதான். பங்காளித் தகராறு, வரப்புத் தகராறு என்றால் அந்தப் பதில் சரி. ஆனால் ஆள்மாறாட்டம் செய்து பத்திரம் பதிந்திருந்தால், ஏற்கெனவே விற்ற மனையை இன்னொருவருக்கு விற்றிருந்தால், இறந்தவர் கையெழுத்து போடப்பட்டிருந்தால் அது குற்ற வழக்கு. அதனால் மனுவில் தகராறு என்று எழுதாமல் எந்தப் பத்திரம், என்ன தேதி, எந்த எண், அதில் எது பொய் என்று நேராக எழுதி, மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று நகல்களைச் சேர்த்துக் கொடுங்கள்.

சீட்டும் டெபாசிட்டும் தனிக் கதை. பக்கத்து வீட்டு அக்காவிடம் போட்ட தீபாவளிச் சீட்டுக்கு லோக்கல் ஸ்டேஷன், தொகை பெரிதென்றால் மாவட்டக் குற்றப்பிரிவு. நிதி நிறுவனம் என்று போர்டு மாட்டி, அதிக வட்டி தருவதாக ஊர் முழுக்க வசூலித்து மூடிவிட்டால் பொருளாதாரக் குற்றப்பிரிவு, சுருக்கமாக இ.ஓ.டபிள்யூ. அங்கே போவதில் என்ன லாபம் என்றால், 1997-ல் வந்த தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நிறுவனத்தின் சொத்தை அரசு முடக்கி, சிறப்பு நீதிமன்றம் வழியாக விற்று முதலீட்டாளர்களுக்குப் பிரித்துத் தர வழி இருக்கிறது. சாதாரண மோசடி வழக்கில் அந்த வழி இவ்வளவு நேராக இல்லை. புதுச்சேரியில் போட்ட பணம் என்றால் அவர்களுக்கு 2004-ல் வந்த தனிச் சட்டம் உண்டு. புகார் கொடுக்காதவர் பெயர் பட்டியலில் வராமல் போகலாம், ஆகவே ‘எல்லாருக்கும் வரும்போது எனக்கும் வரும்’ என்று சும்மா இருக்காதீர்கள்.

பெண்கள், குழந்தைகள் விஷயம். தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கியது, இப்போது கடலூர், சிதம்பரம், பண்ருட்டி, விருத்தாசலம், நெய்வேலி என்று நம் மாவட்டத்திலேயே பல இடங்களில் உண்டு. குடும்ப வன்முறை, வரதட்சணை, குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்குகள் அங்கே போகும். அதற்காக மற்ற ஸ்டேஷன்கள் வாங்க மாட்டோம் என்று சொல்ல முடியாது. போக்சோவில் குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை, குழந்தை இருக்கும் இடத்துக்கு அதிகாரி வந்து, சீருடை இல்லாமல், முடிந்தவரை பெண் அதிகாரியே வாக்குமூலம் வாங்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இதைக் கேட்டு வாங்குங்கள், தயங்காதீர்கள். சாதி வன்கொடுமை என்றால் எஸ்.சி., எஸ்.டி. சட்டப்படி டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும், மாவட்டத்தில் இதைக் கவனிக்கச் சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவு இருக்கிறது.

மதுவிலக்கு அமலாக்கப் பிரிவுக்கு நம் மாவட்டத்தில் வேலை அதிகம், காரணம் பாண்டி பக்கத்திலேயே இருப்பது. சாராயம், கஞ்சா பற்றி 10581-க்குச் சொல்லலாம். 2024 ஜூனில் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகும் நமக்கென்ன என்று இருக்க முடியாது. இன்னொன்று, பாண்டியிலிருந்து பாட்டில் கடத்திப் பிடிபட்டால் பாட்டிலோடு வண்டியும் போகும், ஏலத்துக்கு வரும். நண்பனுக்கு இரவல் கொடுத்த வண்டி அப்படிச் சிக்கினால், பறிமுதலுக்கு முன் உரிமையாளருக்கு வரும் நோட்டீஸை அலட்சியம் செய்யாமல், உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று எழுத்தில் பதில் கொடுங்கள்.

தேவனாம்பட்டினம், தாழங்குடா, சிங்காரத்தோப்பு, ராசாபேட்டைக்காரர்களுக்குக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1994-ல் தொடங்கிய இந்தப் பிரிவு 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகுதான் படகும் ஆளும் பெற்று விரிந்தது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை உள்ள கடலில் குற்றம் நடந்தால் அவர்கள், அதற்கு அப்பால் காவல்படை. அறிமுகமில்லாத படகு, கரை ஒதுங்கிய சிலிண்டர், மிதவை, சீல் வைத்த பொட்டலம் எதைப் பார்த்தாலும் தொடாமல் 1093. மீன் கூட்டத்தை வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி வலைப் பிரச்சினை அவர்களுடையது அல்ல, அது மீன்வளத்துறை. அடிதடியாகிவிட்டால் மட்டும் போலீஸ்.

சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 1983-லிருந்து இருக்கிறது. நம் விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயில் அர்த்தநாரீஸ்வரர் சிலை ஆஸ்திரேலியாவில் சிட்னி அருங்காட்சியகம் வரை போய் 2014-ல் திரும்பியது. இப்படிக் கடத்தப்பட்ட சிலைகள் நம்முடையவைதான் என்று நிரூபிக்க, பாண்டியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன் கோயில் கோயிலாக எடுத்து வைத்த போட்டோக்கள் பெரிய ஆதாரமாக இருந்திருக்கின்றன. உங்கள் ஊர்க் கோயில் சிலைகளை முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, உயரத்தையும் உடைந்த இடங்களையும் குறித்து வைப்பதைவிடப் பெரிய காவல் வேறு இல்லை. வீடு கட்டத் தோண்டும்போது சிலையோ காசோ கிடைத்தால் வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ சொல்லிவிடுங்கள், மறைப்பது குற்றம்.

ரேஷன் அரிசிக் கடத்தல், குடிமைப்பொருள் குற்றப் புலனாய்வு. வெடிகுண்டு மிரட்டலுக்கு வெடிகுண்டு கண்டறிந்து செயலிழக்கச் செய்யும் பிரிவு, நீங்கள் 100-க்குச் சொன்னால் போதும். சி.பி.சி.ஐ.டி.யில் நேராகப் போய் வழக்குக் கொடுப்பது அபூர்வம், டி.ஜி.பி.யோ உயர் நீதிமன்றமோ மாற்றினால்தான் வழக்கு அங்கே போகும். கள்ளக்குறிச்சி வழக்கு அப்படித்தான் சி.பி.சி.ஐ.டி.க்குப் போய், பிறகு உயர் நீதிமன்ற உத்தரவில் சி.பி.ஐ.க்குப் போனது.

லஞ்சம் கேட்டால் கதையே வேறு. 1964-ல் தொடங்கிய லஞ்ச ஒழிப்புத்துறையில் போலீஸ்காரர்கள் வேலை பார்த்தாலும் அது எஸ்.பி. அலுவலகத்துக்குக் கீழே இல்லை, அதனால் போலீஸ்காரர் கேட்ட லஞ்சத்துக்கும் அங்கே போகலாம். முக்கியமான விஷயம், பணத்தைக் கொடுப்பதற்கு முன் போக வேண்டும். நோட்டு எண்களைக் குறித்துக்கொண்டு, பினாப்தலீன் பவுடரைத் தடவி, அரசு ஊழியர்கள் இரண்டு பேரைச் சாட்சியாக வைத்து உங்களை அனுப்புவார்கள். நீங்களாக நீட்டக் கூடாது, அவர் கேட்டு வாங்க வேண்டும், கேட்டதற்கு நிரூபணம் இல்லாவிட்டால் வழக்கு நிற்காது. வாங்கியதும் நீங்கள் சைகை காட்ட, உள்ளே வரும் அதிகாரிகள் அவர் விரல்களை சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கச் சொல்வார்கள், கரைசல் இளஞ்சிவப்பாக மாறும். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. வற்புறுத்தலால் கொடுத்திருந்தால் ஏழு நாளுக்குள் புகார் செய்தவருக்கு விலக்கு உண்டு, எனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் நாளைக் கடத்தாதீர்கள்.

நான்காம் படி: மனுவும் ரசீதும்

எந்தப் பிரிவானாலும் மனு ஒரே மாதிரிதான். அனுப்புநர், பெறுநர், போன் நம்பர், என்ன, எப்போது, எங்கே, யார், என்ன ஆதாரம், என்ன நடவடிக்கை வேண்டும். ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரைப் பக்கம். ஊர்ப் பழைய பகையெல்லாம் எழுதினால் படிப்பவருக்கு முக்கியமானது எது என்று தெரியாது. இரண்டு பிரதி கொண்டு போய் ஒன்றில் தேதி, முத்திரை, கையெழுத்து வாங்குங்கள்.

மனுவை வாங்கியதும் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். இது வழக்குப் பதிவு அல்ல, மனு வந்தது என்பதற்கான சான்று மட்டுமே, இந்த ரசீதோடு திருப்தியாக வீட்டுக்குப் போய்விடுபவர்கள் நிறைய. கைது செய்யக்கூடிய குற்றம் என்று தெரிந்தால் எப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்பது 2013 லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளில் முதற்கட்ட விசாரணை நடத்திப் பார்க்க இப்போதைய சட்டம் இடம் தருகிறது. எப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள். ஆன்லைனில் புகார் அனுப்பியிருந்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: வழக்குப் போட மறுத்தால்

முதலில் எஸ்.பி.க்கு எழுத்தில், ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். புதன்கிழமைகளில் எஸ்.பி. அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் நேரிலும் கொடுக்கலாம், பழைய மனு நகலும் சி.எஸ்.ஆர். ரசீதும் சேர்த்து. அதற்கும் அசையவில்லை என்றால் அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 175(3) பிரிவில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு, அதோடு பிரமாண வாக்குமூலம். எஸ்.பி.க்கு அனுப்பியதற்கான சான்று இல்லாமல் அங்கே நிற்பது கஷ்டம், அதனால்தான் ஸ்பீடு போஸ்ட் என்று அழுத்திச் சொல்கிறேன்.

வழக்குப் பதிந்த பிறகு, விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது போலீஸின் கடமை, அதே சட்டத்தின் 193-வது பிரிவு. தமிழ்நாடு போலீஸின் இணையதளத்தில் எப்.ஐ.ஆர். நகலையும் சி.எஸ்.ஆர். நிலையையும் பார்க்கலாம், போக்சோ போன்ற வழக்குகள் மட்டும் அதில் இருக்காது. விசாரணை அதிகாரி மாற்றலாகிப் போவது சகஜம், புதிதாக வந்தவருக்கு உங்கள் வழக்கு ஒரு கட்டுக் காகிதம்தான். மாற்றலான செய்தி தெரிந்த வாரமே எப்.ஐ.ஆர். எண், நடந்ததன் சுருக்கம், ஆதார நகல்கள் அடங்கிய ஒரு பைலோடு போய் அவரைப் பார்த்துவிடுங்கள்.